சேற்றுழவு முடிந்தபின் சுழற்கலப்பையின் கியர் எண்ணெயை மாற்றுதல்

தர்மபுரி ஜில்லா பெரும்பாலும் மானாவாரிப் பூமியாகும். ராகி, சாமை, துவரை, நிலக்கடலை விளையும் செம்மண் மேட்டு நிலங்களுக்கு நடுவே, வாணியாறு, சின்னாறு, தொப்பையாறு, நாகாவதி முதலிய அணைகளின் கீழும், ஏரிகளின் கீழும், கிணற்றுப் பாசனத்திலும் நெல் வயல்கள் சிறு சிறு துண்டங்களாக அமைந்திருக்கின்றன. இவ்வயல்களை முன்னர் மாடு கட்டிப் பல சால் உழுது, தழை மிதித்து, பரம்படித்து நடவுக்குத் தயார் செய்து வந்தனர். இன்றோ டிராக்டரின் பின்னால் பூட்டப்படும் ரோட்டவேட்டர் என்னும் சுழற்கலப்பையே அவ்வேலையைப் பெரும்பாலும் செய்து முடிக்கின்றது. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்னும் விவசாயி மகன் 1912-ம் ஆண்டில் தொடங்கிய சோதனைகளிலிருந்து பிறந்த கருவி இது. அவர் கருதியது கட்டியாகக் கிடக்கும் உலர்ந்த மண்ணைப் பொடியாக்குவதையே. நாமோ அதே கருவியை முழங்கால் ஆழச் சேற்றில் இறக்கி வேலை வாங்குகிறோம். இந்த வித்தியாசத்தை மனத்திற் கொள்ளாமையால் வரும் நஷ்டம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப்படுகின்றது.

நஷ்டம் யாதெனில், கருவியின் கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, எண்ணெய் கெட்டு, பேரிங்குகளும் பல்சக்கரங்களும் துருவேறித் தேய்ந்து, ஒரு நாள் திடீரென உடைந்துபோவதாகும். அந்த ஒரு நாள் எப்பொழுதும் நடவுக் காலத்திலேயே வந்து வாய்க்கும்; ஏனெனில் கருவி முழுப் பாரத்துடன் உழைப்பது அப்பொழுதுதான். குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். அணையின் நீரோ முறை வைத்து வருவது. கியர் பெட்டியைக் கழற்றித் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ எடுத்துச் சென்று, உதிரிப் பாகம் கிடைத்துத் திரும்பி வருவதற்குள், நாற்று முற்றி, நீர் முறை கடந்து, நடவு ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விடுவர். கியர் எண்ணெய் லிட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கின்றது. பல்சக்கர ஜோடி ஒன்றும் பேரிங்குகளும் சேர்ந்து பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆயினும் கைப்பணச் செலவைவிடப் பருவம் தப்புவதே பெரிய செலவு என்பதை நெற்பயிர் செய்வோர் அறிவர்.

பெட்டிக்குள் நடப்பது

டிராக்டரின் பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுழல்வது வழக்கம். அச்சுழற்சி குறுக்குமூட்டுத் தண்டின் வழியாக, சுழற்கலப்பையின் நடுவிலுள்ள கியர் பெட்டிக்கு வருகின்றது. அங்கே கூம்பு வடிவமான இரண்டு பல்சக்கரங்கள் சுழற்சியின் திசையை மாற்றி, வேகத்தையும் குறைக்கின்றன. பின்னர் ஒரு பக்கத் தண்டு வழியாக, கருவியின் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் பக்கப் பெட்டிக்குச் சென்று, அங்குள்ள சக்கரங்களாலோ சங்கிலியாலோ கீழிறங்கி, கத்திகள் பூட்டிய உருளையைச் சுழற்றுகின்றது. ஆக, எண்ணெய் இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு: நடுப் பெட்டி ஒன்று, பக்கப் பெட்டி ஒன்று. நடுப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கப் பெட்டியை மறந்துபோகிறவர் பலர். சேற்றில் அமிழ்ந்திருப்பதோ பக்கப் பெட்டியின் அடிப்பாகமே.

540 சுற்று என்பது மணிக்கு 32,400 சுற்று. எட்டு மணி நேர வேலையில் 2,59,200 சுற்று ஆகின்றது. ஒவ்வொரு சுற்றிலும், 45 குதிரைத் திறனுள்ள டிராக்டரின் இழுவையெல்லாம் நகக்கண் அளவுள்ள ஒரு பல்லின் முகத்தில் வந்து நெருக்குகின்றது. அந்த இரண்டு இரும்பு முகங்களும் நேரடியாக ஒன்றையொன்று தொடாதபடி நடுவே நிற்பது, மயிரிழையிலும் மெல்லியதான எண்ணெய்ப் படலமேயாகும். நம் செம்மண்ணில் சரளைக் கல்லுக்குக் குறைவில்லை. கத்தி கல்லில் அடிக்கும் ஒவ்வொரு அதிர்ச்சியும் அப்படலத்தைக் கிழிக்க முயல்கின்றது. அவ்விதம் கிழியும் கணத்திலும் இரும்பு இரும்போடு ஒட்டாதிருப்பதற்காகவே, கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் அடங்கிய மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. பெரும் அழுத்தத்தில் அவை பல்லின் மேல் ஒரு மெல்லிய காப்பாகப் படிகின்றன. டப்பாவின் மேல் காணப்படும் ‘இ.பி.’ என்னும் எழுத்துக்கள் இதனையே குறிக்கும்.

தண்ணீர் புகும் வழி

சுழலும் தண்டு பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் பொருத்தப்பட்டுள்ளது. அதன் மெல்லிய உதடு, ஒரு சிறு சுருள்கம்பியின் பிடியால் தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். எண்ணெய் வெளியே வராமலும் சேறு உள்ளே போகாமலும் காப்பது அவ்வுதடு ஒன்றே. அது கெடுவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு.

முதலாவது, தண்டைச் சுற்றிக்கொள்ளும் குப்பை. நிலக்கடலைக் கொடி, கரும்புத் தோகை, வைக்கோற்புரி, நைலான் கயிறு, கிழிந்த புடவைத் துண்டு, சொட்டுநீர்க் குழாயின் மிச்சம், பாலிதீன் பை ஆகியவை உருளையின் ஓரத்தில் சுற்றி இறுகி, நாளடைவில் சீலின் அடியில் நுழைந்து உதட்டை அறுத்துவிடுகின்றன. நைலான் நூல் இதிற் கொடியது. மாலையில் வேலை முடிந்ததும் உருளையின் இரு ஓரங்களையும் பார்த்து, சுற்றியிருப்பதை அரிவாளால் அறுத்து எடுப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

இரண்டாவது காரணம் வெளியே தெரியாதது. நாள் முழுதும் உழைத்த பெட்டி தொட முடியாதபடி சூடாகின்றது. உள்ளிருக்கும் காற்று விரிந்து, பெட்டியின் மேலிருக்கும் மூச்சுத் துளை வழியாக வெளியேறும். அத்துளை சேறு காய்ந்து அடைபட்டிருந்தால் காற்று சீலைத் தள்ளிக்கொண்டு, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வெளியேறும். அதன்பின், சூடான பெட்டியைக் குளிர்ந்த வாய்க்கால் நீரில் இறக்கிக் கழுவினாலோ, சேற்றிலேயே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனாலோ, உள்ளே காற்று சுருங்குகின்றது. சுருங்கிய இடத்தை நிரப்ப மேலிருந்து காற்று வர வழியில்லாமையால், சீலின் விளிம்பு வழியாகச் சேற்று நீர் உறிஞ்சப்படுகின்றது. புதிய சீல் போட்டும் தண்ணீர் புகுகின்றதே என்று வருந்துவோர், முதலில் மூச்சுத் துளையைக் கம்பியால் குத்திப் பார்ப்பது நலம். சூடு ஆறிய பிறகே கருவியைக் கழுவ வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

கடலோர ஜில்லாக்களில் மீன்பிடிப் படகுகளின் பின்புறம் மாட்டும் எஞ்சின்களுக்கும் இதே தொல்லை உண்டு. விசிறியைச் சுழற்றும் அடிப்பெட்டி எப்பொழுதும் நீருக்குள்ளேயே இருப்பதால், தூண்டில் நரம்பு சுற்றிச் சீல் அறுந்து, எண்ணெயில் உப்புநீர் கலந்துவிடும். ஆகையால் 100 மணி நேரத்துக்கு ஒரு முறையோ, ஆண்டுக்கு ஒரு முறையோ, எது முந்துகிறதோ அப்பொழுது எண்ணெயை மாற்றும்படி பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விதித்திருக்கின்றனர். நம் ஒகேனக்கல் பரிசலுக்குத் துடுப்பே போதும், எண்ணெய்க் கவலை இல்லை. ஆனால் நம் வயலில் ஓடும் சுழற்கலப்பையைப் பாதிப் படகாகவே எண்ணி நடத்த வேண்டும்.

எந்த எண்ணெய்

கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். “அண்ணே, தொண்ணூறு போடட்டுமா, நூற்று நாற்பது போடட்டுமா?” என்று கடைக்காரர் கேட்பார். “கெட்டியாக இருக்கிறதைக் கொடு தம்பி, வெயில் காலம்” என்று பதில் வரும். இது முறையன்று. கருவியுடன் தந்த கைப்புத்தகத்தில் என்ன எண் எழுதியிருக்கின்றதோ அதனையே வாங்க வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால், விற்ற ஏஜண்டிடம் கருவியின் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டு, விடையைப் பெட்டியின் மேலேயே பெயிண்டால் எழுதி வைப்பது சிலாக்கியம். புத்தகம் மறுபடியும் தொலையும், பெட்டி தொலையாது.

எண்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. எஸ்.ஏ.இ. 90, எஸ்.ஏ.இ. 140 என்பன எண்ணெயின் கனத்தைக் குறிக்கும். 100 டிகிரி சூட்டில் 90-ம் எண் எண்ணெயின் ஓட்டக் கனம் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரையிலும், 140-ம் எண் எண்ணெயின் கனம் 24 முதல் 32.5 வரையிலும் இருக்கும். எஞ்சின் எண்ணெயின் எண்கள் வேறொரு வரிசையைச் சேர்ந்தவை. எஞ்சினுக்கான 40-ம் எண் எண்ணெய் அதே சூட்டில் 12.5 முதல் 16.3 வரை உள்ளது. ஆகவே, கியர் எண்ணெய் 90 என்பது எஞ்சின் எண்ணெய் 40-ஐப் போல் இரு மடங்குக்கு மேல் கெட்டியானது என்று கணக்கிடுவது தவறு; அவ்விரண்டும் கனத்தில் ஏறக்குறைய அண்டை வீட்டுக்காரரே. வேறுபாடு கனத்தில் இல்லை. முன் சொன்ன அழுத்தம் தாங்கும் மருந்தில் இருக்கின்றது. எஞ்சின் எண்ணெயில் அது இல்லை. அன்றியும், எஞ்சின் எண்ணெயில் அழுக்கைக் கரைத்து மிதக்க வைக்கும் சோப்புப் போன்ற சரக்கு உண்டு. அது உள்ளே புகுந்த நீரையும் பிரிய விடாமல் எண்ணெயோடு கலந்தே வைத்திருக்கும். ‘இருக்கிற எண்ணெயை ஊற்று’ என்று டிராக்டரிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் எண்ணெயைச் சுழற்கலப்பைப் பெட்டியில் ஊற்றும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருந்து வருகின்றது. கரியும் அமிலமும் இரும்புத் துகளும் கலந்த அந்த எண்ணெயை ஊற்றுவதில் சிக்கனம் ஒன்றும் இல்லை.

அடுத்து, ஜி.எல். 4, ஜி.எல். 5 என்னும் தரக் குறிப்புக்கள். ஐந்து நான்கைவிடப் பெரிது, ஆதலின் மேலானது என்று எண்ணலாகாது. ஐந்தில் அழுத்த மருந்து அதிகம். அம்மருந்து சூட்டில் வெண்கலம், பித்தளை முதலிய மஞ்சள் உலோகப் பாகங்களை அரிக்கக்கூடும். பெட்டிக்குள் வெண்கலப் புஷ் உள்ள கருவிக்கு நான்கு என்று விதித்திருந்தால் நான்கே போட வேண்டும். ஐந்து என்று விதித்திருக்கும் கருவிக்கு நான்கு போடுவதும் கூடாது.

டிராக்டர் வைத்திருப்போர்க்கு இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பிற்காலத்து டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் தட்டுகள் பின்பெட்டியின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கின்றன. அப்பெட்டிக்கு அதற்கென்று செய்த தனி எண்ணெய் உண்டு. சுழற்கலப்பைக்கு வாங்கிய இ.பி. எண்ணெய் மிச்சம் இருக்கின்றதே என்று அதில் ஊற்றினால் பிரேக் வழுக்கும். வத்தல்மலை போன்ற மலைப் பாதைகளில் பாரம் ஏற்றி இறங்கும் வண்டிக்கு இது உயிராபத்தாகும். இரண்டு டப்பாக்களையும் ஒரே மூலையில் வைக்காமலிருப்பதே உத்தமம்.

சில்லறையாக அளந்து விற்கும் எண்ணெயை வாங்க வேண்டாம். முத்திரை உடையாத டப்பாவில் எண்ணும் தரமும் தயாரித்த மாதமும் அச்சிட்டிருப்பதையே வாங்குக. இரண்டு நிறுவனங்களின் எண்ணெய்களைக் கலப்பதும் தவிர்க்கத்தக்கது. ஒன்றின் மருந்து மற்றொன்றின் மருந்தோடு ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி இல்லை.

எப்பொழுது மாற்றுவது

கிராமங்களில் பொதுவாகக் காணும் வழக்கம், பருவம் தொடங்கும்பொழுது மூடியைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஊற்றி மூடிவிடுவதாகும். இதனைப் பராமரிப்பு என்று கொள்ள இயலாது. பெட்டியிலுள்ள எண்ணெய் எரிந்துபோவதில்லை. அது குறைந்ததென்றால் எங்கோ ஒழுகியிருக்க வேண்டும். எண்ணெய் ஒழுகும் வழி தண்ணீர் புகும் வழியுமாகும். அவ்வப்பொழுது ஊற்றிக்கொண்டே வருவதால் அந்த வழி மறைக்கப்படுகின்றதேயன்றி அடைக்கப்படுவதில்லை. இன்னொரு விபரீதமும் உண்டு. ஒழுகிய எண்ணெய்க்குச் சரியாகத் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தால், அளவு குறையாமலே இருக்கும். அளவு சரியாயிருக்கின்றது என்று விவசாயி நிம்மதியாக இருப்பார்.

ஆதலின் சேற்றுழவுப் பருவம் முடிந்தவுடன், கருவியைக் கொட்டகையில் ஏற்றுமுன்பே, இரண்டு பெட்டிகளின் எண்ணெயையும் அடியோடு இறக்கிப் பார்த்து மாற்றிவிட வேண்டும். அடுத்த பருவத் தொடக்கத்துக்கு இவ்வேலையைத் தள்ளிவைப்பதே பெரும்பாலான சேதத்துக்குக் காரணம். சும்மா நிற்கும் கருவி தேயாது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், எண்ணெயில் கலந்த நீர் ஓய்ந்திருக்கும் மாதங்களில் மெதுவாகப் பிரிந்து பெட்டியின் அடியில் தங்கி, அங்குள்ள பேரிங்கின் உருளைகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. அத்துருப் புள்ளி கடுகளவே இருக்கும். மறு பருவத்தில் பாரம் ஏறியதும் அங்கிருந்தே உலோகம் செதிள் செதிளாக உரியத் தொடங்கும். ஐப்பசியில் உடைந்த பேரிங்கு பெரும்பாலும் மாசியிலும் பங்குனியிலும் கொட்டகையில் கெட்டதாகும்.

மணிக் கணக்கையும் மறக்கலாகாது. சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதுமானதாயிருக்கலாம். வாடகைக்கு ஓட்டுகிறவர் நாளொன்றுக்கு 6 மணி வீதம் 30 நாள் ஓட்டினாலே 180 மணி ஆகிவிடும். அவர் கைப்புத்தகத்தின் மணிக் கணக்கையே அனுசரிக்க வேண்டும். சுழற்கலப்பைக்குத் தனியே மணி காட்டும் கடிகாரம் இல்லையாகையால், டிராக்டரின் மணிக் கடிகாரத்தைப் பார்த்து, பூட்டும்பொழுதும் கழற்றும்பொழுதும் எண்ணைக் குறித்துக்கொள்க. புதிய கருவிக்கு முதல் மாற்றம் சீக்கிரமே வந்துவிடும். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்பொழுது உதிரும் இரும்புத் தூளை நீண்ட நாள் உள்ளே வைத்திருத்தல் தகாது. விற்கும்பொழுது இதைச் சொல்லும் வியாபாரி குறைவு.

மாற்றும் முறை

வேலையை மாலையிலே தொடங்கிக் காலையில் முடிப்பது நல்லது. மாலையில் கருவியைக் கழுவித் துடைத்து, சமதரையில் மரக்கட்டைகளின் மேல் இறக்கி, இரவு முழுதும் அசையாமல் நிற்கச் செய்க. டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்கியிருக்கும் நிலையில், கட்டை முட்டுக் கொடாமல், கருவியின் அடியில் கையையோ தலையையோ நுழைப்பது எக்காரணத்தாலும் கூடாது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகே நட்டுக்களைத் தொட வேண்டும்.

காலையில், எஞ்சினை ஓட்டுமுன்பாக, பக்கப் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் நட்டைச் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டித் துடைத்துவிட்டு, நட்டை முழுதும் கழற்றாமல் மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் ஒரு கரண்டி அளவைக் கண்ணாடித் தம்ளரில் பிடிக்க வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. இரவில் பிரிந்து அடியில் தங்கிய நீர் இருந்தால் எண்ணெய்க்கு முன்பாக அதுவே வரும். நீர் வந்தால் பரீட்சை முடிந்தது, சீல் போயிற்று. பின்னர் நட்டை இறுக்கி, நடுப் பெட்டியிலும் அவ்வாறே பார்த்துவிட்டு, கட்டைகளை எடுத்து, கத்திகள் தரையில் படாதபடி கருவியைத் தூக்கி, அருகில் ஆள் எவரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு, பத்து நிமிஷம் பாரமின்றி மெதுவாகச் சுழலவிடுக. எண்ணெய் சூடேறி, அடியில் தங்கிய மண்டியும் அதனோடு கலந்து, இறக்கும்பொழுது முழுதும் வந்துவிடும். மறுபடி கருவியைக் கட்டைகளின் மேல் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, மேல் மூடியையும் திறந்து விட்டு, வடிகால் நட்டை எடுத்து வடிய விடுக. அவசரம் வேண்டாம், கடைசித் துளிகளிலேதான் அழுக்கு அதிகம்.

இறங்கிய எண்ணெயைப் பார்ப்பதே இவ்வேலையின் சாரம். எண்ணெய் கறுத்திருந்தாலும் தெளிந்திருந்தால் வயதாகிவிட்டதென்றே பொருள். பால் விட்ட தேநீரைப்போல் வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது. சந்தேகமாயிருப்பின், ஒரு பழைய இரும்புக் கரண்டியை நன்றாகச் சூடாக்கி, அடுப்பிலிருந்து அப்பால் கொண்டுவந்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு இரண்டு துளி எண்ணெயை விடுக. நீர் கலந்த எண்ணெய் தாளிதம்போல் சடசடவென்று பொரியும். சுத்தமான எண்ணெய் சத்தமின்றிப் புகையும். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கையில் நறநறவென்றிருந்தால் மணல் புகுந்திருக்கின்றது. கருகிய வாசனை அடித்தால் எண்ணெய் போதாமலோ பாரம் மிகுந்தோ பெட்டி காய்ந்திருக்கின்றது.

பல கருவிகளில் வடிகால் நட்டின் முனையில் காந்தம் பதித்திருப்பார்கள். அதில் விபூதிக் குழம்பைப்போல் நுண்ணிய சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயற்கை, துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஊசிபோலும் செதிள்போலும் பளபளக்கும் துண்டுகள் இருந்தால் பேரிங்கு உரிகின்றது என்பதாகும். பல்லின் மூலையே உடைந்து வந்திருந்தால் எண்ணெயை ஊற்றி மூடிப் பயனில்லை; பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். வேலையில்லாத மாதத்தில் இதனை அறிவது அதிர்ஷ்டமே. அப்பொழுது பட்டறையில் கூட்டமும் இராது. பேரம் பேச நேரமும் இருக்கும்.

நீர் கலந்திருந்த பெட்டியைக் கழுவுவதற்கு மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிச் சுழலவிடுவது சிலர் வழக்கம். மூலையில் தங்கிவிடும் டீசல் புதிய எண்ணெயை இளக்கிவிடும். அதனினும், போடப்போகும் எண்ணெயிலேயே சிறிதளவு ஊற்றி, உருளையைக் கையால் சில சுற்றுத் திருப்பி, வடித்துவிடுவது மேலானது. செலவு சற்றே கூடினும் உள்ளே அந்நியச் சரக்கு தங்காது. சீல் மாற்றும் பட்சத்தில், தண்டின் மேல் பழைய உதடு தேய்த்த பள்ளம் இருக்கின்றதா என்று நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தின் மேலேயே புதிய சீலை உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் மறுபடியும் ஒழுகும். மெக்கானிக் சீலைச் சிறிது தள்ளி உட்கார வைக்கலாம். அல்லது தண்டின் மேல் மெல்லிய உறை போடலாம்.

நிரப்பும்பொழுது பெட்டியின் பக்கவாட்டிலுள்ள அளவு நட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலிருந்து மெல்ல ஊற்ற வேண்டும். கியர் எண்ணெய் தேன்போல் மெதுவாக இறங்கும் இயல்புடையது. காற்றுக் குமிழ்கள் மேலே வரச் சிறிது நேரம் ஆகும். ஆகவே அளவுத் துளையில் எட்டியதும் நிறுத்தி, பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடியும் பார்த்து, குறைந்ததை ஊற்றுக. துளை வழியே எண்ணெய் வழியத் தொடங்குவதே சரியான அளவு. ‘கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்’ என்று அதற்குமேல் நிரப்புவது தீங்கு. நிறைந்த பெட்டியில் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், சூடு ஏறும், விரிய இடமில்லாத எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். நட்டுக்களின் அடியிலுள்ள வாஷர்களைப் புதிதாகப் போடுக. நசுங்கிய பழைய வாஷர் ஒரு துளி எண்ணெயை வெளியே விடும், ஒரு துளி நீரை உள்ளே விடும். எல்லாம் மூடியபின் சில நிமிஷம் சுழலவிட்டால் புதிய எண்ணெய் பேரிங்குகளில் எல்லாம் பரவும். அதன்பின் ஓய்வுக் காலம் முழுதும் துருவுக்கு இடமில்லை.

பால்போல் வெளுத்த எண்ணெய் இறங்கிய பெட்டியில் மட்டும், சீலைச் சரிசெய்து மாற்றிய எண்ணெயை அரை மணி ஓட்டியபின் மீண்டும் ஒரு முறை இறக்கிப் பார்க்க வேண்டும். சுவரிலும் பல்லிடையிலும் ஒட்டியிருந்த ஈரம் அதில் வந்து சேரும்.

பொதுக் கருவிகளைப் பற்றி

ஊராட்சித் தலைவர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் ஆகியோர் கவனத்துக்கும் ஒரு விஷயம் உண்டு. வேளாண்மை இயந்திரமாக்கல் துணை இயக்கம் என்னும் மத்திய அரசுத் திட்டம் 2014-15-ம் ஆண்டு தொடங்கியதிலிருந்து, வாடகை மையங்களுக்கு மானியத்தில் கருவிகள் கிடைத்து வருகின்றன. வேளாண்மைப் பொறியியல் இலாகாவும் டிராக்டரையும் சுழற்கலப்பையையும் மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகின்றது. சிறு விவசாயிகளுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் பத்துப் பேர் கைமாறும் கருவியின் எண்ணெயை எவர் பார்ப்பது? ஓட்டுநர் சங்கம் பார்க்கும் என்றிருப்பார். சங்கம் ஓட்டுநர் பார்ப்பார் என்றிருக்கும். வாடகைக்கு எடுத்தவருக்கோ தம் வயல் முடிந்தால் போதும்.

இதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமே பரிகாரம். ஒவ்வொரு கருவிக்கும் தனி நோட்டு. தேதி, டிராக்டரின் மணி எண், உழுதது சேறா புழுதியா, எண்ணெய் மாற்றிய நாள், எண்ணின் பெயர் ஆகியவை எழுதப்பட வேண்டும். இறங்கிய எண்ணெய் எப்படி இருந்தது என்பதையும் ‘தெளிவு’, ‘பால்’, ‘செதிள்’ என்று ஒரு சொல்லால் குறித்து, ஓட்டுநர் கையெழுத்திட வேண்டும். இரண்டு பருவத்து நோட்டைப் புரட்டினாலே எந்தப் பெட்டியில் எத்தனை மணிக்கு ஒரு முறை பால் காண்கிறது என்பது தெரிந்துவிடும். தணிக்கைக்கு வருகிறவர் எண்ணெய் வாங்கிய ரசீதை மட்டும் கேட்காமல் இந்நோட்டையும் கேட்பாராயின், எண்ணெய் டப்பா கடையிலிருந்து பெட்டிக்குத்தான் போயிற்றா என்பதும் கூடவே விளங்கும்.

இறக்கிய பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. நீரின் மேல் படலமாகப் பரவி மீனையும் பயிரையும் கெடுக்கும். மாட்டுக் கொட்டகையில் ஈக்குத் தெளிப்பதும், மாட்டின் புண்ணுக்குத் தடவுவதும் கூடாது. அதிலுள்ள உலோகத் துகளும் மருந்துகளும் தோல் வழியே தீங்கு செய்யும். 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, உபயோகித்த எண்ணெய் அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களிடமே சேர வேண்டியதாகும். ஒருவரிடம் சேருவது இரண்டு மூன்று லிட்டரேயாகையால், எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, ‘பழையது’ என்று எழுதி வைத்து, டிராக்டர் சர்வீஸுக்குப் போகும் நாளில் பட்டறையின் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்துவிடலாம். சங்கத்தில் கருவிகள் பல இருப்பின், ஒரு பீப்பாயைச் சங்கக் கிடங்கின் நிழலிலேயே வைத்து, ஊரார் எண்ணெயையும் அதில் வாங்கிக்கொள்ளலாம்.